அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், என் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு துண்டு, சீப்பு, டி.வி. ரிமோட். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். ‘‘நேரமாச்சு தம்பி. அஞ்சரை பஸ்ஸை விட்டா அப்புறம் எட்டு மணிக்குத்தான். வீட்ல தேடுவாங்க.’’

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அவர் நின்றது எங்கள் வீட்டு வாசலில். சென்னையில், பத்து வருஷமாக அவர் இருந்த வீடு. அவர் போக நினைத்தது மன்னார்குடி பக்கத்தில், அவர் பிறந்த வீட்டுக்கு. அதை விற்று, வாங்கியவர் இடித்து, அந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் டவர் நிற்கிறது.

ஆரம்பத்தில் நாங்கள் வாதாடினோம். ‘‘இதாம்மா நம்ம வீடு, பாருங்க, அப்பா போட்டோ மாட்டியிருக்கு’’ என்று காட்டினோம். ‘‘போட்டோ இருந்தா? நம்ம ஹெட்மாஸ்டர் ரூம்லகூடத்தான் நேரு போட்டோ இருக்கு, அது நேரு வீடா?’’ என்று கேட்டார். 36 வருஷம் டீச்சராக இருந்தவர். லாஜிக் மட்டும் கடைசி வரை போகவில்லை.

பிறகு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். வாதாடாமல், ‘‘வாங்க அத்தை, போலாம்’’ என்று பையை வாங்கிக்கொண்டு கூடவே இறங்குவாள். தெருமுனை, பிள்ளையார் கோயில், மருந்துக் கடை என்று ஒரு சுற்று. திரும்ப எங்கள் கேட்டுக்கே வந்து, ‘‘வீடு வந்தாச்சு அத்தை.’’ அம்மா நிம்மதியாக உள்ளே வந்து கால் கழுவுவார். கொஞ்ச காலம் அது வேலை செய்தது. அப்புறம் அதுவும் செய்யவில்லை.

இந்த வாரம் சொல்ல வந்தது ஒரு வாக்கைப் பற்றி.

2011. அம்மாவோடு வேலை பார்த்த ஒரு டீச்சரை தஞ்சாவூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனோம். நீள ஹால், இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில், ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே ஒரு ட்ரங்க் பெட்டி. அந்த டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகும் வரை விடவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: ‘‘எனக்கு என்ன வந்தாலும் சரி, இந்த மாதிரி ஒரு இடத்துல மட்டும் என்னை விட்டுடாதே தம்பி.’’

‘‘என்னம்மா பேசறீங்க? சத்தியமா விட மாட்டேன்.’’

எனக்கு அப்போது 34 வயது. சத்தியம் செய்ய எனக்கு அரை செகண்ட் ஆயிற்று. வேர்க்கடலை விற்றவரிடம் சில்லறை வாங்க அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

*

2018-ல் டாக்டர் பெயர் வைத்தார். டிமென்ஷியா. அதில் அல்சைமர் வகை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை நோயை நிறுத்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்தப் பிரச்னை இருக்கிறது, மொத்தம் சுமார் 88 லட்சம் பேர் என்கிறது 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு. 88 லட்சம் வீடுகள் என்று அதைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் தூங்காமல் இருக்கிறார்.

அந்த நோய்க்குப் பெயர் கொடுத்த அலாய்ஸ் அல்சைமரின் கதையைப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது டாக்டர் இல்லை. ஒரு புருஷன். 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஒரு ரயில்வே குமாஸ்தா, 51 வயது மனைவி அகுஸ்தேயை மனநல மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்க்கிறார். மறதி, சந்தேகம், ராத்திரியெல்லாம் அலைச்சல். வீட்டில் வைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. 1906-ல் அந்த அம்மாள் அந்த மருத்துவமனையிலேயே இறந்துபோக, அவருடைய மூளையை ஆராய்ந்துதான் அல்சைமர் இந்த நோயை உலகத்துக்குச் சொன்னார். அதாவது, நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே, அதற்காக ஒருவர் தன் வீட்டு மனுஷியை வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாக வீடு திரும்பியிருக்கிறார். அந்தக் குமாஸ்தா அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டாரா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தேடினேன்.

*

நாலு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். ‘பார்த்தோம்’ என்று நான் எழுதுகிறேன். அந்த ‘தோம்’ எவ்வளவு பெரிய பொய் என்று என் மனைவிக்குத் தெரியும்.

முதல் வருஷம் பெரிய சிரமமில்லை. சமையலில் உப்பு இரண்டு தடவை விழும், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்க மறந்தார். அன்றிலிருந்து சிலிண்டரை ஒவ்வொரு தடவையும் மூடித் திறப்பது வழக்கமாயிற்று. மூன்றாம் வருஷம் விடியற்காலை நாலு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பால் பூத்தில் ஒரு புண்ணியவான் உட்காரவைத்திருந்தார். என் மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வாரம் வேலையை ராஜினாமா செய்தாள். நான் ‘‘கொஞ்ச நாளைக்குத்தானே’’ என்றேன். நான் ராஜினாமா செய்வதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆள் வைத்துப் பார்க்கலையா என்று கேட்பீர்கள். வைத்தோம். ஏஜென்சி மூலமாக எட்டு மாதத்தில் ஆறு பேர். ஒரு பெண் ரொம்ப நல்லவள், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் போய்விட்டாள். ஒவ்வொரு புது முகம் வரும்போதும் அம்மா ஒரு படி கீழே இறங்கினார். யாரோ திருடி வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று பயந்தார்.

அந்தத் திருட்டுப் பட்டம் கடைசியில் என் மனைவி தலையில் வந்து உட்கார்ந்தது. ‘‘என் செயினை இவதான் எடுத்துட்டா.’’ செயின் அம்மா கழுத்தில்தான் இருக்கும். காட்டினால், ‘‘இப்ப போட்டுவிட்டுட்டா’’ என்பார். இந்த நோயில் இது சகஜம், யார் அதிகம் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள்மீதுதான் பழி விழும் என்று டாக்டர் சொன்னார். சகஜம் என்று தெரிவதால் வலி குறைகிறதா என்ன? குளிப்பாட்டும்போது ஒரு நாள் சொம்பால் அடித்ததில் அவள் புருவத்துக்கு மேல் மூன்று தையல்.

என் அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். ‘‘பணத்தைப் பத்திக் கவலைப்படாதே’’ என்பார். பணத்தைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தம். அக்கா திருச்சியில். ‘‘அம்மாவை ஹோம்ல மட்டும் விட்டுடாதடா, ஊர்ல தலைகாட்ட முடியாது’’ என்று வாட்ஸ்அப்பில் அழுவார். அவர் வீட்டில் மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு வேலை முடிந்து வந்தேன். பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரமாக ஓடியது. தட்டினேன். திறந்தாள். உள்ளே கவிழ்த்த பக்கெட்மீது உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மாவுக்கு நான் செய்த சத்தியம், பஸ், தஞ்சாவூர் என்று போனது பேச்சு. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

‘‘வாக்கு நீங்க குடுத்தீங்க. நான் எங்கங்க கையெழுத்துப் போட்டேன்?’’

*

நான் பி.காம். படித்தவன். எதையும் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று பார்க்கிற வியாதி உண்டு. அன்றைக்குத் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, இரண்டாம் வருஷம் தூங்கி வழிந்துகொண்டே படித்த மெர்கன்டைல் லா ஞாபகத்துக்கு வந்தது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம்.

அதில் 40-வது பிரிவு என்று ஒன்று. சில வாக்குகளை, கொடுத்தவன் ஆளை வைத்தும் நிறைவேற்றலாம். ஆனால், ‘இதை நீயேதான் செய்ய வேண்டும்’ என்ற எண்ணத்தில் கொடுத்து வாங்கிய வாக்கென்றால், கொடுத்தவனேதான் செய்தாக வேண்டும். ஓவியரிடம் படம் வரையக் கொடுத்தால் அவரேதான் வரைய வேண்டும் என்று உதாரணம் சொல்வார்கள். பஸ்ஸில் அம்மா கேட்டது யாரிடம்? என்னிடம். நான் நாலு வருஷமாக அந்த வாக்கை ஆள் வைத்து நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். சம்பளம் இல்லாத ஆள். நான் எழுதிக் கொடுத்த புரோநோட்டுக்கு அவள் வட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் பெயர் மட்டும் எனக்கு. ‘‘அம்மாவை எப்படிப் பார்த்துக்கறான் பாரு, தங்கமான புள்ளை!’’

நம் குடும்பங்களில் இது புதிதில்லை. பிள்ளை சத்தியம் செய்வான், மருமகள் மலம் அள்ளுவாள். பிள்ளைப் பாசம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, வேறு யாரோ முதுகு ஒடிந்து செய்தது. இதை எழுதினால் கோபப்பட்டுக் கடிதம் வரும் என்று தெரியும். வரட்டும். ஒரே ஒரு நிபந்தனை. கடிதம் எழுதுகிறவர், கடைசியாக எப்போது அம்மாவுக்கு டயாபர் மாற்றினார் என்று முதல் வரியில் எழுத வேண்டும்.

அடுத்தது 56-வது பிரிவு. முடியாத காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. போட்ட பிறகு முடியாமல் போனாலும் செல்லாது. அப்பாடா, கிடைத்தது விடுதலை என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆனால், செலவு கூடிவிட்டது, நினைத்ததைவிடச் சிரமமாக இருக்கிறது என்பதெல்லாம் ‘முடியாமை’ ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 1960-லேயே சொல்லியிருக்கிறது. திரும்பவும் படுத்துவிட்டேன்.

எனக்கு முடியவில்லையா, கஷ்டமாக இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் சுத்தமான பதில் இல்லை. நானே வேலையை விட்டிருந்தால்? அண்ணன் திரும்பி வந்திருந்தால்? மூவரும் நாலு நாலு மாதம் பிரித்துக்கொண்டிருந்தால்? முடிந்திருக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

வாக்கு வாங்கியவரே ‘போ, விட்டுவிட்டேன்’ என்று சொல்லிவிட்டால் கடன் தீர்ந்தது. அதுவும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு ராத்திரி, அம்மா கொஞ்சம் தெளிவாக இருந்த மாதிரி தோன்றியபோது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன். ‘‘அம்மா, உங்களை நல்லாப் பாத்துக்கற ஒரு இடம் இருக்கு. அங்க கொஞ்ச நாள் இருக்கீங்களா?’’

அம்மா என்னை ரொம்ப மரியாதையாகப் பார்த்துச் சொன்னார்: ‘‘அதை நீங்க உங்க அம்மாகிட்ட கேட்டுக்கங்க சார்.’’

*

கேட்கவேண்டிய அம்மா எங்கே இருக்கிறார்? அமெரிக்காவில் 90-களில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். 1991-ல் ஆண்ட்ரூ ஃபிர்லிக் என்ற மருத்துவ மாணவர், அல்சைமர் வந்த ஒரு பெண்மணியைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். மார்கோ என்று அவரைக் குறிப்பிடுகிறார். புத்தகத்தை இஷ்டத்துக்குத் தாவித் தாவிப் படிப்பார், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி படம் வரைவார். ஆனால் அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

இதை எடுத்துக்கொண்டு சட்ட அறிஞர் ரொனால்ட் ட்வார்கின், 1993-ல் ஒரு புத்தகத்தில் வாதம் செய்தார். தெளிவாக இருந்த காலத்தில் அந்தப் பெண், ‘எனக்கு இப்படி ஒரு நிலை வந்தால் உயிரை நீட்டிக்க வைத்தியம் செய்யாதீர்கள்’ என்று எழுதி வைத்திருந்தால், இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் அந்தப் பழைய சொல்லுக்குத்தான் மதிப்பு என்றார் அவர். ஒருவர் தன் வாழ்க்கையை எப்படி வடிவமைக்க நினைத்தாரோ அதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. ரெபெக்கா டிரெஸ்ஸர் என்ற சட்டப் பேராசிரியை 1995-ல் பதில் எழுதினார். இதோ எதிரில் உட்கார்ந்து சிரிக்கிறாளே ஒருத்தி, அவளை விட்டுவிட்டு, இல்லாமல் போன ஒருத்திக்கு விசுவாசமாக இருப்பீர்களா என்பது அவர் கேள்வியின் சாரம்.

உயிர் போகிற விஷயம் அது. என்னுடையது அத்தனை பெரிசில்லை. ஆனாலும் இரண்டு கட்சியும் என் வீட்டில் இருந்தன. பஸ்ஸில் வாக்கு வாங்கிய 2011-ம் வருஷத்து அம்மாவுக்கு, முதியோர் இல்லம் என்பது செத்துப்போவதற்குச் சமம். 2022-ம் வருஷத்து அம்மாவுக்கு, எங்கள் வீடே வீடாக இல்லை. ஐந்து மணிக்குப் பையைத் தூக்குகிறவரை எந்த வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது?

இதில் எனக்குப் பயமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. அம்மாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ள நினைக்கும் நாளில் எனக்கு ட்வார்கின் சரியாகப் பட்டார். கொண்டுபோய் விட நினைக்கும் நாளில் டிரெஸ்ஸர் சரியாகப் பட்டார். கேஸும் என்னுடையது, நீதிபதியும் நான். அதனால் ஒரு காரியம் செய்தேன். அக்காவிடம், ‘‘ஒரே ஒரு வாரம் வந்து இரு, அப்புறம் நீ சொல்றதைக் கேட்கிறேன்’’ என்றேன். வந்தார். ஐந்தாம் நாள் காலையில், ‘‘நல்ல இடமாப் பாரு’’ என்றார்.

*

நல்ல இடம் என்றால் என்ன? பதினோரு இடம் பார்த்தேன். மூன்றைச் சொல்கிறேன்.

முதல் இடம், நட்சத்திர ஹோட்டல் மாதிரி. ரிசப்ஷனில் மீன் தொட்டி. ஒவ்வொரு ரூமிலும் கேமரா, நம் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மாதம் 70 ஆயிரம், ஆறு மாத வாடகை அட்வான்ஸ். எல்லாம் சுற்றிக் காட்டிய இளைஞர் அம்மாவின் பெயரைக் கேட்கவே இல்லை. ‘‘பேஷன்ட் வாக்கிங்கா, பெட்ரிடனா சார்?’’ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஹாலில் பதினைந்து பேர் டி.வி.க்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டி.வி.யில் கிரிக்கெட், சத்தம் இல்லாமல்.

இரண்டாவது ஒரு டிரஸ்ட் நடத்துவது. அதில் பாதிக்கும் குறைந்த பணம். சேவை மனப்பான்மை நிஜம். ஆனால் நாற்பது பேருக்கு மூன்று ஆயாக்கள். ஒரு பாட்டியை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். ‘‘விழுந்துடுவாங்க சார், அதான்.’’ எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போன நாட்கள் எங்களுக்கும் உண்டு. துண்டுக்கும் பூட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

எல்லா இடத்திலும் நான் கேட்ட கேள்வி ஒன்று. ‘‘இங்க யாராவது விழுந்தா எழுதி வெப்பீங்களா? அந்த நோட்டைப் பாக்கலாமா?’’ மீன் தொட்டிக்காரர்கள் பளிச்சென்று சொன்னார்கள்: ‘‘நம்மகிட்ட யாரும் விழறதே இல்லை சார்!’’ கணக்குப் படித்தவனுக்கு இது போதும். நஷ்டமே காட்டாத கம்பெனியின் புத்தகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நடக்கத் தடுமாறும் முப்பது வயசானவர்கள் ஒரு கூரைக்குக் கீழே இருந்து யாருமே விழவில்லை என்றால், ஒன்று பொய், இல்லையென்றால் யாரையும் நடக்க விடுவதில்லை.

மூன்றாவது இடம் ஒரு பழைய வீடு. காரை பெயர்ந்த சுவர். உள்ளே போனதும் லேசாக மூத்திர வாசனை, கூடவே யாரோ அப்போதுதான் துடைத்த ஃபினாயில். பதினாறு பேர். நடத்துகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க நர்ஸம்மா. விழுந்த நோட்டைக் கேட்டேன். எடுத்துப் போட்டார். தேதி, நேரம், எங்கே, என்ன அடி, வீட்டுக்குச் சொன்னது எத்தனை மணிக்கு. முந்தின மாதம் மூன்று.

‘‘ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை பேர் முழிச்சிருப்பீங்க?’’

‘‘ரெண்டு பேர் டூட்டி. ஒருத்தி கண்ணசந்துடறதும் உண்டு சார். நான் மாடியிலதான் இருக்கேன்.’’

பிறகு அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார். ‘‘டீச்சரா? எந்த கிளாஸ்? தலைக்கு என்ன எண்ணெய்? எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாங்க? கோவம் வந்தா என்ன சொல்லி இறக்குவீங்க? ராத்திரி பாத்ரூம் போக எழுப்பணுமா? கோயிலுக்குப் போவாங்களா?’’ பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இன்னும் சில விஷயங்கள், தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்று சொல்லி வைக்கிறேன். பார்க்கப் போனால் சொல்லாமல் போங்கள், சாயங்காலம் போங்கள். காலையில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஆயாக்களுக்குத் தமிழ் தெரியுமா என்று பாருங்கள். வடக்கிலிருந்து வந்த பெண்கள் பொறுமைசாலிகளாக இருக்கலாம், ஆனால் தாய்மொழியும் நழுவிக்கொண்டிருக்கும் ஒருவர் ‘தண்ணி’ என்று சொன்னால் புரிய வேண்டும். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணத்தை எல்லாரும் முதலில் கேட்கிறோம், இதைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை.

*

கொண்டுபோய் விட்ட நாளில் நான் பொய் சொன்னேன். ‘‘டீச்சர்ஸ் ட்ரெய்னிங் கேம்ப் மா, பத்து நாள்.’’ அம்மா உற்சாகமாகக் கிளம்பினார். பேனா கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பொய் சொன்னால் ஸ்கேலால் அடித்தவர்.

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமை ஒட்டி ஹோகவே என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2009-ல் தொடங்கியது. டிமென்ஷியா வந்தவர்களுக்காகவே கட்டியது. வீடுகள், சூப்பர் மார்க்கெட், ரெஸ்டாரன்ட், தியேட்டர் எல்லாம் உண்டு. வேலை செய்கிறவர்கள் யூனிஃபார்ம் போடாமல் சாதாரண உடையில் இருப்பார்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லம், வாசலில் பஸ் ஸ்டாப்பே வைத்தது. பஸ் வராத பஸ் ஸ்டாப். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கிளம்புகிறவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் ஏன் வந்தோம் என்பதே மறந்துபோகும். உள்ளே அழைத்துப் போய்விடுவார்கள். மோசடி என்று திட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதைப் படித்தபோது எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில்தான் ஞாபகம் வந்தது. நானும் என் மனைவியும் அதே பஸ் ஸ்டாப்பைத்தான் நடத்திக்கொண்டிருந்தோம்.

ஆனால் ட்ரெய்னிங் கேம்ப் பொய் அந்த வகையா என்று எனக்குச் சந்தேகம். பிள்ளையார் கோயிலைச் சுற்றியது அம்மாவின் தவிப்பு அடங்க. கேம்ப் என்று சொன்னது, காரில் அம்மா அழுதால் நான் தாங்க மாட்டேன் என்பதற்காக.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு மாமா போன் செய்து, ‘‘பெத்தவளைக் கொண்டுபோய் தள்ளிட்டியாமே?’’ என்றார். நாலு வருஷத்தில் ஒரு ராத்திரி வந்து தங்காதவர். இருந்தாலும் உறுத்தியது. சட்டப் புத்தகத்தையே புரட்டினேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. 24-வது பிரிவு: பராமரிக்க வேண்டியவர் ஒரு மூத்த குடிமகனை எங்காவது விட்டுவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ‘முழுவதுமாகக் கைவிடும் நோக்கத்துடன்’ விட்டிருக்க வேண்டும். நான்கு தடவை படித்தேன். எங்கே விட்டாய் என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்ளவில்லை. திரும்ப வரும் எண்ணம் உண்டா என்பதையும் கேட்கிறது. மாமாவுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று நினைத்து, வேண்டாமென்று விட்டேன்.

புதன், ஞாயிறு போகிறோம். என் மனைவி திரும்ப வேலைக்குப் போகிறாள், வேறு பள்ளி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். இப்போது அம்மா அவளைத் திருடி என்பதில்லை. ‘‘நீ யார் வீட்டுப் பொண்ணு?’’ என்று கேட்கிறார். இரண்டு பேரும் சிநேகமாக இருக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை ஊறுகிறது.

‘‘நம்ம பையன்கிட்ட நீங்க எந்த வாக்கும் வாங்கிடாதீங்க’’ என்று ஒரு நாள் சொன்னாள். 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னால் மனநோய் வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படிக் கூடாது, என் சார்பில் யார் முடிவெடுப்பது என்றெல்லாம் எழுதி வைக்கலாம். மறதியால் புத்தி தடுமாறுவதும் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறது. படிவத்தைப் பிரின்ட் எடுத்து மூன்று மாதமாக மேஜைமேல் வைத்திருக்கிறேன். பெயரும் வயதும் எழுதியாயிற்று. ‘எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற இடத்தில் பேனா நிற்கிறது. என்னை ஹோமில் விடு என்று எழுதவா? விடாதே என்று எழுதவா? எதை எழுதினாலும் இருபத்தைந்து வருஷம் கழித்து ஏதோ ஒரு பாத்ரூமில் குழாய் ஓடுமோ என்று இருக்கிறது.

போன புதன்கிழமை போனபோது ஐந்து மணி. அம்மா மஞ்சள் பையோடு கேட் பக்கத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா கண்ணைக் காட்டினார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

‘‘சார் எந்த ஊர் பஸ்ஸுக்கு?’’

‘‘மன்னார்குடிதான் டீச்சர்.’’

‘‘அப்படியா? நல்லதாப் போச்சு. ஒண்ணாவே போயிடலாம்’’ என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது. குடித்துவிட்டு உள்ளே போனோம்.